மாப்பிள்ளை வண்டியின் பின்சக்கரம்

“சாவியைக் குடுங்கத்தா. வண்டி எனக்கு வேணும்.”

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் அத்தாவிடம் கேட்டுவிடாதே என்று அம்மா பதினோரு மாதமாகச் சொல்லி வந்தாள். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நட்டநடு ஹாலில் நின்று கேட்டுவிட்டேன். அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

என்னைப் பெற்ற அத்தா நிமிரவே இல்லை. சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்து, புது வண்டியின் பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பெரிய நட்டைக் கழற்றிவிட்டார். அச்சையும் பாதி உருவிவிட்டார். பிரேக் கம்பியை மட்டும் கழற்றவில்லை. அது பிடித்துக்கொண்டிருக்கும்போது சக்கரம் எப்படி வரும்?

அந்த வண்டி எங்கள் வீட்டில் நிற்கிறது, அவ்வளவுதான். எனக்கும் இஷாக்குக்கும் நிச்சயம் ஆன வாரத்தில் வாங்கியது. மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வண்டி புத்தம் புதிதாக இருக்க வேண்டும், மீட்டர் ஓடியிருக்கக் கூடாது. அதனால் கடையிலிருந்து குட்டியானை வேனில் ஏற்றி பேகம்பூர் சந்து வரை கொண்டுவந்து, வாசல்படியில் பலகை போட்டு, நாலு பேர் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். அன்றைக்கு மீட்டரில் இரண்டு கிலோமீட்டர். இன்றைக்கும் இரண்டு. ஸீட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் கவர் பிரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் போகுமுன் அத்தா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, வீடெல்லாம் புகையைப் பரப்பிவிட்டு அணைப்பார். வருகிறவர்கள் எல்லாரையும் குனிந்து மீட்டரைப் பார்க்கச் சொல்வார். “ரெண்டே கிலோமீட்டரு. பாத்துக்கங்க.” என் டிகிரி சர்டிஃபிகேட்டை அவர் இப்படி ஒருத்தருக்கும் காட்டியதில்லை. எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சர்டிஃபிகேட் பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது.

நிக்காஹ் இரண்டு தடவை தள்ளிப்போனது. இரண்டு தடவையும் அவர்கள் பக்கத்துக் காரணம். நின்ற இடத்திலேயே நின்று பின்டயர் காற்று இறங்கி, பொங்காத தோசை மாதிரி தரையோடு ஒட்டிவிட்டது. கைப்பம்பால் அடித்தால் அரை மணி நேரம் நிற்கும். இன்று பத்து மணிக்கு இஷாக்கும் அவன் அம்மா குர்ஷித் பேகமும் வண்டியைப் பார்க்க வருகிறார்கள்.

பஞ்சர் கடை அடுத்த தெருவில்தான். தள்ளிக்கொண்டு போனால் ஐந்து நிமிடம். ஆனால் மீட்டர் கேபிள் முன்சக்கரத்தில் இருக்கிறது, தள்ளினாலும் ஓடும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொன்னால், மாட்டி முடித்ததும் ‘ட்ரையல் பாக்கிறேன்’ என்று ஒரு ரவுண்டு போய்விடுவான். ஆகவே சக்கரத்தை மட்டும் வீட்டிலேயே கழற்றி, கொண்டுபோய் ஒட்டி, திரும்ப வீட்டிலேயே மாட்டுவது என்று அத்தா முடிவு செய்திருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷமாக டிரம்மில் தோல் போடுகிறவர். யோசனை சரிதான். வலது மணிக்கட்டுதான் போன வருஷம் பிசகியதிலிருந்து பிடிமானம் இல்லாமல் கிடக்கிறது.

“வண்டி எதுக்கு ஒனக்கு?” என்றார், சக்கரத்தைப் பார்த்தே.

“வேலைக்கு.”

“கெடைச்சிருச்சா?”

“வண்டி இருந்தா கெடைச்ச மாதிரி.”

திருச்சி ரோட்டில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடம். நான் கெமிஸ்ட்ரி. செம்பட்டி, அய்யலூர், அங்கிருந்து உள்ளே உள்ளே கிராமங்கள் என்று போய் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சாயங்காலத்துக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். இன்டர்வியூவில் ஏழு பேரில் என்னைத்தான் எடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, சொந்த வண்டி. சாம்பிள் பெட்டியை அதில் பொருத்த வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணிக்குள் வண்டியோடு வந்து நில்லுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். கியர் வண்டி லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. காலேஜில் கூடப் படித்த ஏஞ்சலினுடைய அண்ணன் வண்டியில் ஓட்டிப் பழகி வாங்கியது. அத்தாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

“பஸ்ல போக வேண்டியதுதான?”

“பஸ்ஸு மெயின் ரோட்டுல நிக்கும். போர்வெல் தோட்டத்துக்குள்ள இருக்கு. தண்ணி நடந்து வந்து ஏறுமா?”

“அது மாப்பிள்ளை வண்டி புள்ள.”

“ஆர்சி புக்கு என் பேர்ல இருக்கு.”

இருந்தது. நிக்காஹ்வுக்கு முன்னால் இஷாக் பேரில் எழுதினால் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் வண்டி போய்விடும் என்று, அத்தாதான் சாமர்த்தியமாக என் ஆதாரைக் கொடுத்து என் பேரில் எழுதினார். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

“அது சும்மா எழுத்துக்கு,” என்றார்.

“எழுத்துத்தான் செல்லும்.”

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “ஷமா, வாய மூடு. நல்ல காரியத்துக்கு ஆளுக வார நேரம்.”

அத்தா மறுபடி இழுத்தார். வண்டி மொத்தமும் ஆடியது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உஸ் என்றார்.

“நவுருங்க,” என்றேன். “நான் கழட்டி, பஞ்சர் பாத்துட்டு வந்து, நானே மாட்டித் தாரேன். மாட்டிட்டா சாவி எனக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீயி?”

“நான்தான்.”

“மாட்டு பாப்பம். மாட்டிட்டா தாரேன், எடுத்துக்க.” ராக்கெட் விட்டால் நிலாவை எழுதித் தருகிறேன் என்பது மாதிரி சொன்னார். எனக்கு அது போதும்.

வண்டியின் பக்கவாட்டு மூடிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. பதினோரு மாதத்தில் யாரும் பிரிக்காத பை. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கம். இரண்டு தடவை படித்தேன். எந்த நட்டு எப்போது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. இதைவிடக் கஷ்டமான புத்தகங்களை மூன்று வருஷம் படித்து அரியர் இல்லாமல் பாஸ் செய்தவள்.

வண்டியை அத்தா காலையிலேயே சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டிருந்தார். ஆடாமல் இருக்க ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்தேன். முதலில் பிரேக் கம்பியின் முனையிலிருந்த நட்டைக் கையாலேயே திருகி எடுத்தேன். கம்பி விடுபட்டது. ஸ்பிரிங் ஓடிவிடாமல் இருக்க நட்டைத் திரும்பக் கம்பியிலேயே போட்டுவைத்தேன். அடுத்து, பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டைக் கம்பி. அதன் நட்டில் ஒரு பின் குத்தியிருந்தது. கட்டிங் பிளேயரால் நிமிர்த்தி உருவினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் போனில் போட்டோ எடுத்தேன். கழற்றிய சாமான்களை வரிசையாக வைக்கத் தட்டு வேண்டியிருந்தது. கைக்கு எட்டியது சஹன்தான்.

“யா அல்லாஹ்! சஹன்ல நட்டு போல்ட்டா? நாலு பேரு உக்காந்து சோறு திங்கிற சஹன் புள்ள அது!”

“ஒண்ணு தொலைஞ்சாலும் வண்டி ஓடாதும்மா.”

“அது எப்பத்தான் ஓடுச்சு?” என்றாள் அம்மா. அவளுக்கே சிரிப்பு வந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அச்சின் முனையில் கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி, மறுபக்கம் திருகித் திருகி உருவினேன். வந்தது. பிரேக் பக்கம், சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த விரல் நீள இரும்புப் புஷ் ‘டங்’கென்று தரையில் விழுந்தது. அதையும் சஹனில் வைத்தேன். பிரேக் தட்டைப் பிடுங்கி எடுத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தேன். பற்சக்கரமும் செயினும் அந்தப் பக்கமே நின்றுகொண்டன. புத்தகத்தில் சொன்ன மாதிரியேதான்.

“வண்டியச் சாயுங்கத்தா.”

சாய்த்தார். மட்கார்டுக்கு அடியிலிருந்து சக்கரம் வெளியே வந்து என் மடியில் உட்கார்ந்தது. அத்தா அதையே பார்த்தார்.

சக்கரத்தைச் சந்தில் உருட்டிக்கொண்டு போனேன். பால் வாங்கப் போன பக்கத்து வீட்டு ரஃபி சைக்கிளை நிறுத்தினான். “என்னக்கா, சக்கரம் முன்னாடி வருது, வண்டி பின்னாடி வருதா?”

“உங்க அக்கா கல்யாணத்துக்கு வாரப்ப சேர்ந்து வரும். வழிய விடு.”

பஞ்சர் கடை அப்துல் ஜப்பார் டியூபைத் தண்ணீரில் முக்கினார். வால்வு அடியில் கிழிந்திருந்தது. காற்றில்லாமல் நின்றால் அப்படித்தான், ஒட்டு நிற்காது என்று புது டியூப் போட்டார். “நானே வந்து மாட்டிக் குடுக்கவா?” என்றார்.

“வந்தா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்பீங்க.”

“பாக்காம எப்புடிம்மா?”

“அதான் வேணாங்கிறாரு அத்தா.”

“ஓட்டாத வண்டிக்கு டியூபு எதுக்கு?” என்றார். கடையில் காத்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் பதினோரு மாதமாக நான் மனசுக்குள் கேட்கிறேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்பது. ஹால் கூட்டிப் பெருக்கி, ஜமக்காளம் விரித்து, வண்டியைச் சுற்றிச் சாக்கைக்கூட மடித்து வைத்திருந்தார்கள். சஹன் கழுவிக் கவிழ்த்திருந்தது. நட்டும் பின்னும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கிடந்தன.

“எல்லாத்தயும் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்,” என்றாள் அம்மா.

நான் போனை எடுத்து போட்டோவோடு சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கழற்றியது சுலபமாக வந்த திமிர். சாக்கைத் திரும்ப விரித்து உட்கார்ந்து, சக்கரத்தை உள்ளே விட்டு, பற்சக்கரத்தின் பள்ளத்தில் பொருத்தி, பிரேக் தட்டை மாட்டி, அச்சைச் செருகி, நட்டை இறுக்கினேன். இறுக்க இறுக்கச் சக்கரம் ஒரு பக்கம் போனது. கையால் சுற்றினேன். கால் சுற்றில் முனகி நின்றது.

அத்தா கிட்டே வந்தார். “என்ன?”

“சுத்த மாட்டேங்குது.”

“மாட்டியாச்சுல்ல?”

“மாட்டியாச்சு. சுத்தல.”

அவர் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தணித்தார். “விடு. பாக்கத்தான வாராக. ஓட்டவா போறாக? வண்டி நிக்குது, டயர்ல காத்து இருக்கு. போதும். பொறவு ஆளவச்சுச் சரி பண்ணிக்கலாம்.”

“நான் ஓட்டப்போறேன்.”

“ஷமா.”

“சாவி குடுக்கிறேன்னு சொன்னீங்க. சுத்தாத சக்கரத்த மாட்டிட்டு மாட்டிட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

நட்டைத் திரும்பத் தளர்த்தினேன். போட்டோவைப் பார்த்தேன். சஹனில் ஏழு சாமான். டம்ளரிலிருந்து நான் எடுத்தது ஆறு. பிரேக் பக்கத்துப் புஷ் இல்லை. அது இல்லாமல் இறுக்கினால் சட்டம் நெருங்கிச் சக்கரத்தைப் பிடிக்கத்தான் செய்யும்.

“அம்மா, இம்புட்டு நீளத்துல இரும்புக் குழாய் மாதிரி ஒண்ணு கெடந்துச்சே?”

அம்மா யோசித்தாள். “இடியாப்ப உரலோட குழாயில்ல அது?”

“வண்டியோடதும்மா!”

“சஹன்ல கெடந்துச்சு, சமையக்கட்டுச் சாமான்னு நெனச்சேன். கிரீஸா இருந்துச்சு, சபீனா போட்டு வெளக்கி உரலுக்குள்ள வச்சேன்.”

உரலுக்குள்தான் இருந்தது. பளபளவென்று. கடையில் வாங்கினால்கூட அவ்வளவு பளபளப்பு கிடையாது. துடைத்து, கிரீஸ் தடவி, இடத்தில் வைத்து, அச்சை மறுபடி செருகினேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. இரண்டு பக்கத்து அளவுக் கோடுகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துச் செயினை நேர் செய்தேன். நட்டை இறுக்கக் கால் கொடுத்து ஸ்பேனரை மிதித்தேன். பட்டைக் கம்பியையும் பிரேக் கம்பியையும் மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றினேன். சத்தமில்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக் பெடலை அமுக்கினேன், டக்கென்று நின்றது. பட்டைக் கம்பியின் நட்டில் பஞ்சர் கடையில் வாங்கி வந்திருந்த புதுப் பின்னைக் குத்தி வளைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸலாம் சொல்லும் சத்தம் கேட்டது.

வழக்கப்படி நான் உள் அறையில் இருக்க வேண்டும். ஹாலின் நடுவில் சாக்கின் மேல், முழங்கை வரை கறுப்பாக உட்கார்ந்திருந்தேன்.

“வ அலைக்கும் ஸலாம். வாங்க வாங்க,” என்று அத்தா எழுந்து ஓடினார்.

குர்ஷித் பேகம் என்னைப் பார்த்துவிட்டு அத்தாவைப் பார்த்தார். “என்ன அப்பாஸண்ணே, புள்ளய ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டீகளா?”

“டயர்ல கொஞ்சம் காத்து... அதான்...”

இஷாக் என்னைப் பார்க்கவில்லை. மரியாதைக்குத்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான், அதிர்ந்து பேசாதவன். நேராக வண்டியிடம் போய்க் குனிந்து மீட்டரைப் பார்த்தான். “ரெண்டுதாம்மா,” என்றான். அவன் அம்மா தலையாட்டினார். அத்தாவின் முகத்தில் பதினோரு மாதக் காவலின் நிம்மதி தெரிந்தது.

பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, இஷாக்கிடம் கொடுத்தார். “உக்காந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாப்பிள்ளை.”

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். சத்தம் வரும்படிதான் வைத்தேன். அத்தா என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

இஷாக் காலைத் தூக்கிப்போட்டு உட்கார்ந்தான். பிளாஸ்டிக் மொரமொரத்தது. “டயரு யாரு பாத்தா மாமா?”

“அப்துல் ஜப்பாரு கடையில டியூபு. கழட்டுனது மாட்டுனது எல்லாம் நம்ம ஷமாதான்.” அத்தா ஒரு எட்டு முன்னால் வந்தார். “தனி ஆளா. புத்தகத்தப் படிச்சே மாட்டிருச்சு. நான் ஒரு மணி நேரமா இழுத்துப் பாத்தேன், அசையல. இது வந்து பத்து நிமிசத்துல...”

இரண்டு கிலோமீட்டர் என்று சொல்லும் அதே குரல். என்னைப் பற்றி அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இஷாக் காலைத் திரும்ப எடுத்துக் கீழே இறங்கினான்.

“பின்வீலு மாமா,” என்றான் மெதுவாக. “ஓடுறப்ப கழண்டுச்சுன்னா ஆளே காலி. தப்பா நெனைக்காதீக. பொம்பளப் புள்ள இறுக்குனது எம்புட்டு இருக்கும்? மெக்கானிக்க வச்சு ஒருக்கா மாட்டிருங்க.” சாவியை ஸீட்டின் மேல் வைத்தான்.

“மெக்கானிக்னா ஓட்டிப் பாக்காம இருப்பானா?” என்றார் குர்ஷித் பேகம். “மீட்டரு ஓடிருமே. ஓடுன வண்டிய மாப்பிள்ளைக்குக் குடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?”

“ஓட்டாம பாக்கச் சொல்லுவோம்,” என்றார் அத்தா.

“ஓட்டாம எப்புடித் தெரியும்?”

“அப்ப... தூக்கிட்டுப் போயி...”

“தூக்கிட்டுப் போயி அங்கன வச்சு ஓட்ட மாட்டானா?”

மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்று நிஜமாகவே யோசித்தார்கள். சக்கரத்தை நம்ப முடியாது. நம்புவதற்கு ஓட்ட வேண்டும். ஓட்டக் கூடாது. நான் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது.

எழுந்து, கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, ஸீட்டின் மேலிருந்த சாவியை எடுத்தேன்.

“நான் ஓட்டிப் பாக்கிறேன்.”

“மீட்டரு!” என்றார் குர்ஷித் பேகம்.

“ஓடட்டும் மாமி. அதுக்குத்தான் வச்சிருக்கு.”

ஸீட்டின் பிளாஸ்டிக்கில் விரலைவிட்டுக் கிழித்தேன். ஒரே இழுப்பில் வரவில்லை, மூன்று இழுப்பு வேண்டியிருந்தது. வண்டியோடு வந்த ஹெல்மெட் அலமாரிக்கு மேல் அட்டைப் பெட்டியில் இருந்தது. அதையும் இறக்கினேன்.

“ஏம்மா, இப்ப நீ இதை எடுத்துட்டுப் போனா, அப்புறம் இந்த வண்டி எங்களுக்கு வேணாம். சொல்லிட்டேன்.”

“சரி மாமி.”

“வண்டி மட்டும்னு நெனச்சுக்காத.”

“அதுவும் சரி மாமி.”

அவர் மகனைப் பார்த்தார். இஷாக் இப்போதுதான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். கோபமாகத் தெரியவில்லை. ஏதோ கணக்குத் தப்பிவிட்ட மாதிரி பார்த்தான். ஒதுங்கி வழிவிட்டான்.

“ஜெய்தூன், இங்க வாடி, ஒன் மகளச் சொல்லு,” என்றார் குர்ஷித் பேகம். அம்மா அடுப்படி வாசலில் டீத் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், கிழிந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய், என் சர்டிஃபிகேட் கவரை எடுத்துக்கொண்டு வந்தாள். “லைசென்ஸு, ஆர்சி எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு,” என்றாள். குர்ஷித் பேகத்தின் பக்கம் திரும்பாமலே கவரை நீட்டினாள்.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். பதினோரு மாதத்துக்குப் பிறகு பின்சக்கரம் தரையில் காற்றோடு நின்றது. டேங்கில் சொட்டுதான் இருக்கும், பங்க் வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பரவாயில்லை.

வாசல்படிக்கு வந்தபோது வண்டி நின்றுவிட்டது. இரண்டு படி. ஏற்றும்போது நாலு பேர் பிடித்தது.

அத்தா இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குர்ஷித் பேகம் அவரிடம் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நடந்து வந்தார். கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த பலகையை இடது கையால் இழுத்துப் படிமேல் போட்டார். காலால் மிதித்து ஆடுகிறதா என்று பார்த்தார்.

“பட்டைக் கம்பியில பின்னு குத்துனியா?”

“குத்தி வளைச்சுட்டேன்.”

“பெரிய நட்டு?”

“மிதிச்சு இறுக்கியிருக்கேன்.”

“ம்,” என்றார். குனிந்து நட்டைத் தானும் ஒரு தடவை விரலால் திருகிப் பார்த்தார். அசையவில்லை.

“எத்தன மணிக்கு வருவ?” அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

“இன்னிக்குப் பெட்டி மட்டும்தான் மாட்டுறாங்க. சீக்கிரம் வந்துருவேன். திங்கக்கிழமையிலருந்துதான் அய்யலூரு. அன்னைக்குச் சோறு கட்டிக் குடு.”

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பலகையில் இறக்கினேன். பின்சக்கரம் கடைசிப் படியைத் தாண்டி, சந்துச் சிமெண்டில் இறங்கி உருண்டது. மணி பத்து முப்பது. வண்டியைத் தள்ளிக்கொண்டு பங்க்கைப் பார்த்து நடந்தேன்.